பொடக்காலியில் எரியும் இரண்டாவது அடுப்பு

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 83 வீடுகள் தூய எரிபொருளில் சமைக்கின்றன. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் எண்ணிக்கை இது; துல்லியமாகச் சொன்னால் 82.9 சதவீதம். நாட்டின் சராசரி அப்போது 58.6தான். முந்தைய கணக்கெடுப்பில் நாமே 73இல் இருந்தோம். 2006இல் வந்த திமுக ஆட்சி கொடுத்த இலவச கேஸ் அடுப்புக்கும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா இணைப்புக்கும் இந்த ஏற்றத்தில் பங்குண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கேஸ் இணைப்பே இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அடுப்புப் புகை என்பது வடநாட்டுச் சங்கதி, நமக்கு அது முடிந்துபோன கதை என்று இங்கே ஒரு நினைப்பு இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் கணக்கெடுக்க வருபவர் கேட்பது, சமையலுக்கு முக்கியமாக எந்த எரிபொருள் என்றுதான். கேஸ் என்று சொன்னதும் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். வீட்டில் இன்னொரு அடுப்பு உண்டா என்று கேட்பதில்லை. கொங்கு நாட்டில் அந்த இன்னொரு அடுப்பு பொடக்காலியில், அதாவது வீட்டின் புழக்கடையில், இருக்கிறது.

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கு விடிகாலையில் போனால் அதைப் பார்க்கலாம். சமையக்கட்டில் இரட்டை பர்னர் கேஸ் அடுப்பு பளபளவென்று இருக்கும். பின்பக்கம் குளியலறையை ஒட்டி, தகரமோ ஓலையோ வேய்ந்த சாய்ப்பின் கீழ் மூன்று கல்லின் மேல் கரியேறிய அண்டா. அடியில் தென்னை மட்டை, பன்னாடை, பாளை, கொட்டாங்குச்சி. காங்கயம், தாராபுரம் போன்ற வறண்ட பக்கமானால் வேலிக்காத்தான் விறகு. குளிக்கத் தண்ணீர் காய்வது இதில்தான். ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு கொதிப்பதும், விசேஷத்துக்குப் பெரிய சட்டி ஏறுவதும் இதில்தான். கேஸ் தீர்ந்து அடுத்த சிலிண்டர் வரும்வரை மொத்தச் சமையலும் இங்கே வந்துவிடும்.

இதைச் சோம்பேறித்தனம் என்றோ அறியாமை என்றோ ஒதுக்குபவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் குளிக்க 80 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை 30 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 10 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ கேஸில் இருப்பது 46 மெகாஜூல். அடுப்பில் எரியும்போது அதில் அறுபது சதவீதம் அளவுதான் பாத்திரத்தில் ஏறும். ஆக, குளியலுக்கு மட்டும் நாளொன்றுக்கு 360 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டர் வெந்நீருக்கே நாற்பது நாளில் தீர்ந்துவிடும். 2022இல் சிலிண்டர் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. தோப்பில் விழுந்து கிடக்கும் மட்டைக்கோ விலையே இல்லை. பொடக்காலி அடுப்பு அணையாமல் இருப்பதற்குக் காரணம் பழக்கம் மட்டும் அல்ல, இந்தக் கணக்கும்தான்.

சரி, அதிலிருந்து வரும் புகை என்ன செய்கிறது?

விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில் எரிவது விறகிலிருந்து கிளம்பும் ஆவி. சூடேறும்போது முதலில் ஈரம் வெளியேறுகிறது. 250, 300 டிகிரியைத் தொடும்போது மரத்தின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து வாயுவாகவும் தார் ஆவியாகவும் வெளிவருகின்றன. இவை போதுமான காற்றோடு போதுமான சூட்டில் கலந்தால் தீப்பிடித்து, கரியமில வாயுவும் நீராவியுமாக முடிந்துவிடும். அந்தக் கலவை சரியாக அமையாத இடத்திலெல்லாம் புகை. மட்டை ஈரமாக இருந்தால் சூடெல்லாம் ஈரத்தை விரட்டவே செலவாகும். அண்டாவின் அடிப்பாகம் குளிர்ந்திருப்பதால் அதைத் தொடும் சுடர் பாதியில் அணைந்து கரியாகப் படியும். விறகை வாய் நிறையத் திணித்தால் காற்று நுழைய வழியிருக்காது. ஊதாங்குழல் வேலை செய்வது இந்தக் கடைசிக் குறையைத்தான் தீர்க்க. ஊதியவுடன் முதலில் குபுகுபுவென்று புகை கிளம்பி, பிறகுதான் சுடர் பற்றும். புகை மிக அடர்ந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் ஊதுகிறவரின் முகம் அடுப்பு வாய்க்கு முழ தூரத்தில் இருக்கிறது. கேஸில் இந்தச் சிக்கல் இல்லை. புரோப்பேனும் பியூட்டேனும் சின்ன மூலக்கூறுகள். பர்னருக்குள் காற்றோடு கலந்த பிறகே எரிகின்றன. நீலச்சுடர் அதனால்தான்.

அரைகுறையாக எரிந்த மிச்சத்தில் கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, பென்சீன், பென்சோபைரீன் எல்லாம் உண்டு. உடம்புக்கு அதிகக் கேடு செய்வது நுண்துகள். தலைமுடியின் தடிமன் ஐம்பது முதல் எழுபது மைக்ரான். விறகுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே. மூக்கு மயிருக்கும் தொண்டைச் சளிக்கும் சிக்குவது பெரிய தூசு மட்டுமே. இந்த நுண்துகள்கள் நேரே நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைவரை போகின்றன. அங்கே துப்புரவு செய்யும் செல்கள் அவற்றை விழுங்குகின்றன, ஆனால் கரியைச் செரிக்க அவற்றால் முடியாது. நாள்பட்ட அழற்சி தொடங்குவது அங்கே. அந்த அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தக் குழாய்வரை போகிறது.

உலகச் சுகாதார நிறுவனம், வீட்டு எரிபொருள் புகையால் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. அதில் மூன்றிலொரு பங்கு மாரடைப்பு போன்ற இதயநோய்கள். கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பக்கவாதம். புகை என்றால் இருமல், நெஞ்சுச்சளி என்றுதான் நமக்குத் தோன்றும். கணக்கில் முதலில் நிற்பது இதயம்.

தமிழ்நாட்டு அடுப்புகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவால் தெரிந்தது. 2002இல் வெளியான அவர்களது ஆய்வு, நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் மூச்சோடு உள்ளே போகும் நுண்துகளை அளந்தது. விறகு எரியும் வீட்டில் சமையல் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை இருந்தது. 24 மணி நேரச் சராசரியாகப் பார்த்தால் சமைப்பவர் மூச்சில் 231. அதே வீட்டில் சமைக்காதவர் மூச்சில் 90. கேஸ் வீட்டில் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 82. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் வீட்டுக்காரர் ஒரு காற்றையும் வீட்டுக்கார அம்மா வேறொரு காற்றையும் சுவாசிக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இன்னொன்றும் அதில் இருக்கிறது. கேஸ் வீட்டிலும் 82 எப்படி வந்தது? ஊரில் மற்ற அடுப்புகளும் தெருவும் சேர்ந்து கொடுத்தது. பக்கத்து வீட்டுப் புகைக்குச் சுவர் தெரியாது.

புகைபிடிக்காத பெண்ணுக்கு ஏன் பீடி குடிப்பவரின் நுரையீரல் வருகிறது என்பது நெடுநாள் கவனிக்கப்படாமலே இருந்தது. புனேயின் சுந்தீப் சால்வியும் லண்டனின் பீட்டர் பார்ன்ஸும் 2009இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, உலகளவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குச் சிகரெட்டைவிட அடுப்புப் புகையே பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்றது. ஸ்ரீ ராமச்சந்திரா குழு திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டது. நூற்றில் இருவருக்கு மேல் அந்த நோய் இருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்ற மற்றொரு ஆய்வில், விறகடுப்பில் கழித்த ஆண்டுகள் கூடக் கூடப் பெண்களிடம் ஒருவகைக் கண்புரையும் கூடியது தெரிந்தது.

இதுவரை சொன்னதில் சர்ச்சை அதிகம் இல்லை. சங்கடம் அடுத்ததில்தான். புகை கெடுதல் என்றால், விறகை எடுத்துவிட்டு கேஸைக் கொடுத்தால் நோய் குறைய வேண்டும் அல்லவா? அதைச் சோதிக்க ஹேப்பின் என்ற பெரிய ஆய்வு நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு நம் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளும் அதில் சேர்ந்திருந்தன. மொத்தம் 3200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு அடுப்பும் 18 மாதங்களுக்கு இலவச கேஸும். மற்றப் பாதிப் பேர் வழக்கம்போல விறகில் சமைத்தனர். கேஸ் பெற்ற பெண்களின் மூச்சில் நுண்துகள் 23.9 மைக்ரோகிராமாக இறங்கியது, விறகுக்காரர்களிடம் 70.7. அடுப்பை மாற்றிக் காற்றை இவ்வளவு சுத்தமாக்கிய ஆய்வு முன்பு அரிது. ஆனால் 2022இல் முடிவு வந்தபோது குழந்தைகளின் பிறப்பு எடையில் சராசரி வித்தியாசம் 20 கிராம்கூட இல்லை. அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஒதுக்கும் அளவே அது. கைக்குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறையவில்லை, வளர்ச்சிக் குறைவும் மாறவில்லை என்று 2024இல் அடுத்தடுத்த கட்டுரைகள் வந்தன.

கேஸ் கொடுத்துப் பயனில்லை என்று இதைப் படித்தவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. கல்பனா பாலகிருஷ்ணன் குழுவே தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018இல் ஒரு கணக்கைச் சொல்லியிருந்தது. தாயின் மூச்சில் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை 4 கிராம் குறைகிறது. அந்தக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 70.7க்கும் 23.9க்கும் இடையே உள்ளது 47. அதற்கு 19 கிராம் வர வேண்டும். ஹேப்பினில் வந்தது 19.6. இரண்டும் இத்தனை நெருங்கி வந்ததில் தற்செயலுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் எதிர்பார்க்க வேண்டிய பலன் அந்த அளவுதான் என்பதை அது காட்டுகிறது. கேஸ் கைக்கு வந்தபோது அந்தப் பெண்கள் ஏற்கெனவே 9 முதல் 20 வாரக் கர்ப்பம். அதற்குமுன் சிறுமிப் பருவம் தொட்டு அவர்கள் அடுப்படியில்தான் வளர்ந்திருப்பார்கள். பதினெட்டு மாதக் கேஸ் அதை அழித்துவிடும் என்று எதிர்பார்த்ததே மிகை. இதயம், நுரையீரல், கண் ஆகியவற்றில் என்ன நடக்கும் என்பதற்குப் பதினெட்டு மாதம் போதாது, இருபது ஆண்டுகள் வேண்டும்.

இன்னொரு விஷயம்தான் பொடக்காலி அடுப்புக்கு நேரடியாகப் பொருந்துவது. பல நோய்களுக்குப் புகையின் அளவும் ஆபத்தும் நேர்கோட்டில் ஏறுவதில்லை. சிகரெட், தெருமாசு, அடுப்புப் புகை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது, தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, மேலே போகப் போகச் சாயும் வளைகோடு. நாளொன்றுக்கு ஒரு சிகரெட் பிடிப்பவரின் இதய ஆபத்து ஒரு பாக்கெட் பிடிப்பவருடையதில் இருபதில் ஒரு பங்காக இருப்பதில்லை. கிட்டத்தட்ட பாதியாக இருக்கிறது. புகையைப் பாதியாகக் குறைப்பதால் வரும் நன்மை கொஞ்சமே. கடைசி மிச்சத்தை விரட்டும்போதுதான் பெரும் நன்மை.

அந்த மிச்சம் எவ்வளவு என்று கணக்கிடலாம். சாய்ப்புக்குக் கீழே அண்டா அருகில் அரைமணி நேரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்; அங்கே காற்றில் 1000 மைக்ரோகிராம். மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் அவர் தூசே இல்லாத காற்றைச் சுவாசித்தாலும் நாள் சராசரி 21 வந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் நிர்ணயித்த 24 மணி நேர வரம்பு 15. கேஸ் வந்தும் ஒரே ஒரு அரைமணி நேரம் அந்த வரம்பை உடைத்துவிடுகிறது. முற்றிலும் திறந்த வெளியானால் புகை நீர்த்துப்போகும். மூன்று பக்கமும் மறைத்த சாய்ப்பில் அப்படி நீர்ப்பதில்லை.

காற்று வீசும் திசைக்கும் இதில் பங்குண்டு. கொங்கு நாட்டின் காற்றைத் தீர்மானிப்பது பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அது அடிக்கும் அடியில் எந்தப் புகையும் நிற்பதில்லை. நம் வீடுகளில் அடுப்படியை அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் வைப்பது வழக்கம். மேல்காற்றுக் காலத்தில் அது வீட்டின் கீழ்க்காற்றுப் பக்கம். புகை வீட்டுக்குள் வராமல் வெளியே போகும். வாஸ்து சொன்னவர்கள் இதை நினைத்துச் சொன்னார்களா என்பது என் கவலையில்லை, இந்த ஊரில் அது பொருந்திவிட்டது. ஐப்பசியில் காற்று கிழக்குக்குத் திரும்பினால் அந்த வசதியும் போய்விடும். மார்கழி விடியல்தான் எல்லாவற்றிலும் மோசம். இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடிபோல் நிற்கும். கிளம்பிய புகை கூரை உயரத்திலேயே தங்கிவிடும். வெந்நீர் அதிகம் வேண்டியதும் அந்த மாதத்தில்தான்.

புகைக்கூண்டு வைத்தால் தீராதா? இந்தியா அதை முயன்று பார்த்திருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் கிராமக் கைத்தொழில் இயக்கக் காலத்திலேயே வார்தாவில் ‘மகன்’ என்ற பெயரில் மேம்பட்ட அடுப்பு வந்தது. 1983இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002இல் நிறுத்தப்படும்வரை மூன்று கோடிக்கு மேல் அடுப்புகளைக் கொடுத்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒற்றைப் பானை, இரட்டைப் பானைப் புகையில்லா அடுப்புகளை வடிவமைத்தது. அவற்றில் இன்று எரிவது எத்தனை என்று கேட்காமல் இருப்பதே மரியாதை. குழாயில் கரி அடைக்கும்; மாதத்துக்கு ஒருமுறை தட்ட வேண்டும்; யாரும் தட்டுவதில்லை. ஒடிசாவில் ஹன்னா, டுஃப்லோ, கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியலாளர்கள் நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்விலும் இதே கதைதான். முதல் ஆண்டில் புகை குறைந்தது, அதன்பின் அடுப்புகளைப் பராமரிக்காமல் பலன் மறைந்தது. குழாய் நன்றாகவே வேலை செய்தாலும் புகை போவது தெருவுக்கு. தெற்காசியாவில் வெளிக்காற்றின் நுண்துகளில் கால்பங்கு அளவு வீட்டு அடுப்புகளிலிருந்து வருவதாக ஒரு மதிப்பீடு உண்டு. 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் முதன்முதலாகக் கருவிகளோடு அடுப்படியில் உட்கார்ந்து அளந்த கர்க் ஸ்மித், 2020இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் வலியுறுத்தியது இதைத்தான். கையில் இருக்கும் விறகைச் சுத்தமாக எரிக்கப் பாடுபட்டது போதும், சுத்தமான எரிபொருளைக் கைக்கு எட்டச் செய்யுங்கள் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

கேஸும் முற்றிலும் நிரபராதி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது கமறி எடுக்கிறதே, அதுவும் எண்ணெய்ப் புகையும் எந்த அடுப்பிலும் வரும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, விறகுப் புகையையும் அதிகச் சூட்டில் பொரிக்கும் புகையையும் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. திருப்பூரில் வெளியூர்த் தொழிலாளர்கள் நாலைந்து பேராகத் தங்கும் லைன் வீட்டு ஒற்றை அறையில், சன்னலும் இல்லாமல், படுக்கைக்குப் பக்கத்தில் சின்ன சிலிண்டர் அடுப்பு எரிகிறது. அங்கே வேண்டியது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் திறக்கக்கூடிய சன்னலும். ஊட்டி, வால்பாறைக் குளிரில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. கரி புகைவதில்லை, அதனால் ஆபத்து தெரிவதில்லை. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்.

பைபாஸ் ஓரமெல்லாம் 'விறகடுப்புச் சமையல்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ருசி இலையில் உட்கார்ந்தவருக்கு. புகை உள்ளே பத்து மணி நேரம் நிற்கும் மாஸ்டருக்கு. இதைப் பெருமையாக எழுதி வைத்துக் காசு பார்ப்பது எனக்கு உவப்பில்லை.

பொடக்காலி அடுப்புக்கு வழி இல்லாமல் இல்லை. அதில் நாள்தோறும் நடக்கும் வேலை வெந்நீர் என்பதால் மாற்றும் எளிது. 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலம் ஒன்றைக் கூரையில் ஏற்றினால் வருடத்தின் பெரும்பகுதிக்குப் போதும். இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? மாடு நிற்கும் தோட்டத்தில் கோபர் கேஸ் கலம் உண்டென்றால் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டலாம். இரண்டும் முடியாதவர்கள் விறகைக் காயவைத்து, மறைப்பை எடுத்துவிட்டு, பற்றவைத்ததும் தள்ளி நில்லுங்கள். குளிப்பாட்டிய பச்சைக் குழந்தைக்குத் தலை காய சாம்பிராணி போடுவதையும் விட்டுவிடுங்கள், துண்டு போதும்.

நாற்பது வயதைத் தாண்டிய, பல ஆண்டு விறகடுப்பில் வெந்த அம்மாவோ அம்மிச்சியோ உங்கள் வீட்டில் இருப்பார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் சளி கட்டுகிறது என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவர் பீடி, சிகரெட் பற்றி மட்டும் கேட்டால், எத்தனை வருடம் அடுப்பு ஊதினார் என்பதை நீங்களாகச் சொல்லி, ஸ்பைரோமெட்ரி பரிசோதனை கேளுங்கள். குழாயில் பலமாக ஊதிக் காட்டும் சோதனை அது; ஊசி கிடையாது, வலி கிடையாது, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.